சிவகுருவின்ர பேரன்

அதில கை வையாதையும், தம்பி. அது என்ர. பக்கத்திலயும் என்ரதான். இந்தக் கரையில உடுப்புத் தோய்க்கிற அஞ்சு மெஷினையும் நான்தான் பிடிச்சு வைச்சிருக்கிறன். இருபத்திரண்டு சேட்டு, இருபத்திரண்டு காற்சட்டை, கால்மேசு வேற. உமக்கு அவசரமெண்டால் அந்த மூலையில ஒண்டு கிடக்குது. ஆனா அது தண்ணியை வடிக்காது, பேந்து சொட்டச் சொட்டத்தான் வீட்டை கொண்டு போகவேணும். இப்பிடி இரும். இன்னும் பதினெட்டு நிமிசம் எண்டு காட்டுது.

இந்தியாவோ? நீர் கதைக்கிற விதத்தில தெரியுது. படிக்க வந்தனீரோ? நல்லது, படியும். ஆனா ஒரு சங்கத்திலயும் சேராதையும். ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், விளையாட்டுச் சங்கம், ஒண்டும் வேண்டாம். நான் பதினொரு வருசம் ஒரு அணிக்கு உடுப்புத் தோய்ச்சவன், தம்பி. பதினொரு வருசம் மற்றப் பெடியளின்ர மேசு மணத்தைக் குடிச்சவன். அதுக்கு எனக்கு என்ன கிடைச்சது தெரியுமோ? இரும், சொல்லுறன்.

போன் அடிக்குது, எனக்கும் கேக்குது. அடிக்கட்டும். அது தயாபரன், எங்கட கோச். காலையில இருந்து பதின்மூண்டு தரம் எடுத்திட்டான். "அண்ணை, உடுப்பு எங்கை? நாளையிண்டைக்கு பிளேன்" எண்டு. உடுப்பு இஞ்சை சுத்துது. சுத்தட்டும். நான் எடுக்க மாட்டன்.

என்ன, சேட்டைப் பாக்கிறீர்? எங்கட நாட்டுப் பந்தடி அணி. உலகப்படத்தில தேடாதையும், இல்லை. எங்களைப் போல படத்தில இல்லாத நாடுகள் இன்னும் கொஞ்சம் கிடக்குது. மலையில இருக்கிற சனம், பனியில இருக்கிற சனம், தீவுச் சனம். அதுகள் எல்லாம் சேர்ந்து ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ஒரு கோப்பை நடத்துதுகள். எங்கட பெடியளில ஒருத்தன் டாக்ஸி ஓடுறான், ஒருத்தன் ஆஸ்பத்திரியில கட்டில் தள்ளுறான், ரெண்டு பேர் பெற்றோல் செட்டில நிக்கிறாங்கள். முதல்தரம் போகேக்கை பத்துக்குப் பூச்சியம் தோல்வி. ஆரிட்ட? செம்மறி ஆடு மேய்க்கிற சனத்திட்ட. அவங்கள் மலையில ஆட்டுக்குப் பின்னால ஓடிப் பழகினவங்கள், எங்கட ஆக்கள் பஸ்ஸுக்குப் பின்னால ஓடிப் பழகினவங்கள். ஆனா மாட்ச் தொடங்க முன்னம் எங்கட கொடியையும் ஏத்தினவங்கள், தம்பி. மழைக்குள்ள. நான் பெஞ்சில இருந்து அழுதனான். வேற எந்த மைதானத்தில எங்களுக்கெண்டு ஒரு கொடி ஏத்துவாங்கள், சொல்லும்?

சரி, நாடில்லாத சனம் எப்பிடி அணிக்கு ஆள் எடுக்கும்? ஊராலைதான். லண்டனில எங்கட ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சங்கம் இருக்குது. பத்து வீடு உள்ள ஊருக்கு ரெண்டு சங்கம் இருக்குது. கோடை வந்தால் ஊருக்கு ஊர் பந்தடி, அதில நல்லா அடிக்கிறவனை நாட்டுக்கு எடுக்கிறது. என்ர ஊர் ஆனைத்துறை. யாழ்ப்பாணத்துக் கரை, கத்தோலிக்கச் சனம், வலை இழுக்கிறதும் பந்தடிக்கிறதும்தான் தொழில். என்ர மகன் டெரன்ஸ் ஆனைத்துறைக்கு கோல் காக்கிறவன். அஞ்சு வருசமா நாட்டுக்கும் அவன்தான். இருபத்திரண்டு வயசு, ஆறடி ரெண்டு அங்குலம். என்ர பிள்ளை எண்டு புழுகேல்லை, அவன் பாஞ்சு பந்தைப் பிடிக்கேக்கை பாத்துக்கொண்டிருக்கிற எதிராளியே கை தட்டுவான்.

போன கோடையில ஒருத்தன் வந்தான். கெவின். தகப்பன் வடமராட்சிப் பக்கம், தாய் கானா நாட்டுக்காரி. முன்னுக்கு விளையாடுறவன். ஆனைத்துறைக்கு நாலு கோல் அடிச்சவன். நாலும் சும்மா உருண்டு போன பந்து, டெரன்ஸுக்குக் கண்ணில வெய்யில். உடனை தயாபரன் துள்ளிக் குதிச்சு, இவனை நாட்டுக்கு எடுப்பம் எண்டான். எனக்கு அந்தப் பெடியனில ஒரு கோவமும் இல்லை. இப்பவும் இல்லை. ஆனா ஒழுங்கெண்டு ஒண்டு வேணுமோ இல்லையோ? ஆரும் வந்து நானும் உங்கட ஆள் எண்டால் எடுக்கிறதோ? நாடு எண்டால் சந்தையோ?

அணிக் கமிட்டியில எழும்பினன். மேசையில அடிச்சுச் சொன்னன். விளையாடுற ஒவ்வொருத்தனும் அப்பப்பாவின்ர பிறப்புப் பத்திரம் கொண்டு வரவேணும், அதோட அந்த ஊர்ச் சங்கத் தலைவரின்ர கடிதமும் கொண்டு வரவேணும், தகப்பன்ர பாஸ்போட்டில இருக்கிற பேரும் அதில இருக்கிற பேரும் ஒத்துப்போகவேணும். இல்லாட்டி வெளியில நில்லு. தயாபரன் சொன்னான், "நேசண்ணை, உது வில்லங்கத்தில முடியும்" எண்டு. என்ர பேர் நேசன். மரியநேசன். நான் விட்டனானோ? இங்கிலீஷில எழுதுவிச்சு, அந்தக் கோப்பை நடத்துற ஒபிசுக்கு நானே அனுப்பினன். அங்க இருக்கிறதே ரெண்டு பேர். அவங்களுக்கு ஒரே சந்தோசம். இவ்வளவு ஒழுங்கான நாட்டைத் தாங்கள் கண்டதே இல்லையாம். எங்கட அணிக்கு இனி உதுதான் சட்டம் எண்டு முத்திரை குத்தி அனுப்பினாங்கள்.

ரெண்டு நாள் போகேல்லை, கெவின் வந்திட்டான். அப்பப்பாவின்ர பிறப்புப் பத்திரம், பிளாஸ்ரிக் உறை போட்டது. சங்கக் கடிதம். அம்மம்மாவின்ரயும் தரட்டோ எண்டான், அது கானாவில கிடக்குதாம். தாய்க்காரி கூட வந்தவ. எல்லாத்தையும் மேசையில அடுக்கி வைச்சிட்டு, "அங்கிள், இது காணுமோ, இன்னும் வேணுமோ?" எண்டு தமிழில கேக்கிறா. தமிழில, தம்பி! கமிட்டி முழுக்கச் சிரிக்குது. நான் சிரிக்கேல்லை. காணும் எண்டு சொன்னன்.

பிறகு ஒவ்வொருத்தனாக் கொண்டு வந்தாங்கள். ஊருக்கு போன் அடிச்சு, அங்க கிடந்த பெட்டியெல்லாம் கிண்டுவிச்சு, கச்சேரி ஒபிசில ஆளை வரிசையில நிக்கவிட்டு எடுத்து. இருபத்தொரு பேரும் குடுத்திட்டாங்கள். இருபத்திரண்டாவது ஆள் என்ர மகன்.

ஏன் குடுக்கேலாமல் போச்செண்டு கேளும். கேளாட்டிலும் சொல்லுவன். நீர் வேற ஊர் ஆள், உம்மட்டச் சொன்னால் காரியமில்லை. ஆனா ஆரிட்டயும் வாய் விடாதையும், உது குடிவரவுக் காரியம்.

நான் தொண்ணூற்றொண்டில ஜேர்மனிக்குப் போனனான். அஞ்சு வருசம் வைச்சிருந்து போட்டு, உன்ர அகதிக் கேஸ் சரி வராது, திரும்பிப் போ எண்டாங்கள். எங்கை போறது? குண்டு விழுற இடத்துக்கோ? இஞ்சாலை வந்தன். கூட்டிக்கொண்டு வந்த ஏஜென்சிக்காரன் சொன்னான், அங்க குடுத்த பேரை இஞ்சை குடுத்தால் அடுத்த பிளேனில ஏத்திப்போடுவாங்கள், வேற பேர் சொல்லு, நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் மாறாத பேராச் சொல்லு எண்டு. மூண்டு நாள் கண் மூடேல்லை, தம்பி. முன்னால ஒரு வெள்ளைக்காரி பேனையோட இருக்கிறாள். தகப்பன் பேர்? சிவகுரு. உன்ர பேர்? கனகலிங்கம். அப்பிடியே வாயில வந்து விழுந்திட்டுது.

ஆர் இந்த சிவகுரு கனகலிங்கம் எண்டு கேக்கிறீரோ? ரெஃபரி! தெல்லிப்பழைப் பக்கத்து ரெஃபரி! எண்பத்தாறில எங்கட கோயில் பெருநாள் ஃபைனல். கடைசி நிமிசம். ஒண்டுக்கு ஒண்டு. கோல் காக்கிறவன் நான் இல்லை, ஆனா கோல் கோட்டில நிக்கிறன். பந்து வந்து கையில பட்டது. நான் கையைக் கொண்டு போகேல்லை, தம்பி, கை அங்கைதான் இருந்தது. ரெண்டு கையும் அங்கைதான் இருந்தது. அந்தாள் விசில் ஊதி, பெனல்டியும் குடுத்து, எனக்குச் சிவப்பு அட்டையும் காட்டினது. எங்கட சாமியாரே மைதானத்துக்குள்ள வந்து கேட்டவர், கொஞ்சம் பாருங்கோ எண்டு. "ஃபாதர், நீங்கள் பூசையைப் பாருங்கோ, நான் விளையாட்டைப் பாக்கிறன்" எண்டு சொன்ன மனிசன் அது. என்ர அப்பு, என்னைப் பெத்தவர், கோட்டோரம் நிண்டவர். அருளப்பு எண்டால் கரையில பெரிய பேர். ஊர் முழுக்கப் பாக்க அப்பு தோளில கிடந்த துவாய்த் துண்டை உதறிப்போட்டு நடந்திட்டார். அதுக்குப் பிறகு அவர் என்ர ஒரு மாட்சுக்கும் வரேல்லை. நான் ஜேர்மனியில இருக்கேக்கை செத்துப்போனார்.

பத்து வருசம் அந்தப் பேரைத் திட்டித் திட்டித்தான் படுத்தனான். மாறாத பேர் எண்டால் எனக்கு வேற எது வரும்?

இருபத்தெட்டு வருசமா நான்தான் அந்தாள். வங்கியில கனகலிங்கம். டொக்டரிட்ட கனகலிங்கம். கரண்ட் பில்லில கனகலிங்கம். டெரன்ஸுக்குத் தலையில ஞானஸ்நானத் தண்ணி வாக்கேக்கை, இதென்ன சைவப் பேர் எண்டு சாமியார் புத்தகத்தில எழுதாமல் என்னைப் பாத்தவர். எழுதுங்கோ ஃபாதர் எண்டன். கர்த்தருக்கும் அதே பொய்தான். இந்தா, இந்த ஒண்டாம் நம்பர் சேட்டைப் பாரும், முதுகில என்ன எழுதியிருக்குது? கனகலிங்கம். நான் பெத்த பிள்ளை அந்த ரெஃபரியின்ர பேரை முதுகில சுமந்துகொண்டு நாட்டுக்கு விளையாடுறான். அதை நானே கையால தோய்ச்சு மடிக்கிறன்.

ஆனைத்துறைச் சங்கம் எனக்குக் கடிதம் தரும், ஏன் தராது. டெரன்ஸ் அருளப்புவின்ர பேரன் எண்டு ஊரே நிண்டு சாட்சி சொல்லும். என்ர பாஸ்போட்டில அருளப்பு இல்லையே! சட்டத்தை மாத்தச் சொல்லித் தயாபரனைக் கேட்டன். "அண்ணை, உங்கட சட்டம்தானே" எண்டான். எப்பிடி வாய் வந்தது அவனுக்கு? நாட்டுக்காகச் செய்த மனிசனைப் பாத்து! உண்மையைச் சொல்லலாம்தான். சொன்னால் என்ர பாஸ்போட் போகும், என்ர மனிசியின்ர போகும், வீடு போகும்.

அண்டைக்கு வீட்டை வந்தவுடனை டெரன்ஸ் கேட்டான், "அப்பா, ஹூ இஸ் சிவகுரு?" எண்டு. அதுவரைக்கும் அவனுக்கு உது பாஸ்போட்டுக்கு வைச்ச பேர் எண்டு மட்டும்தான் தெரியும். சொன்னன். ஃபைனல், பெனல்டி, எல்லாம் சொன்னன். சிரிப்பான் எண்டு நினைச்சன். அவன் சிரிக்கேல்லை. "கோவத்தில எனக்குப் பேர் வைச்சிருக்கிறீங்கள்" எண்டான். நான் உனக்குப் பேர் வைக்கேல்லையடா, வெள்ளைக்காரி வைச்சவள் எண்டு கத்தினன். எழும்பிப் போயிட்டான்.

போனவன் என்ன செய்தான் தெரியுமோ? அந்த மனிசனைத் தேடிப் பிடிச்சிட்டான். உயிரோட இருக்குது, தம்பி! எண்பத்திரண்டு வயசு, ஹரோவில மகளோட. தெல்லிப்பழைச் சங்கத்துக்குத் தலைவரும் அந்தாள்தான். என்ர பிள்ளை பஸ் எடுத்துப் போய், கதவைத் தட்டி, நான் ஆனைத்துறை, உங்கட பேரைப் போட்டு விளையாடுறன் எண்டு சொல்லியிருக்கிறான். அந்தாள் கண்ணாடியைப் போட்டுப் பாஸ்போட்டை வாங்கி, ரெண்டு தரம் சத்தமா வாசிச்சுதாம். "ஆனைத்துறையோ? ரெண்டு கையாலயும் பிடிச்சவன்ர மகனோ?" எண்டு கேட்டுதாம். பாத்தீரோ? முப்பத்தெட்டு வருசம் போயும் அந்த வன்மம்! பிறகு கேட்டுதாம், "உன்ர கொப்பர் சுகமா இருக்கிறாரோ, பந்தடிக்கிறவரோ இன்னும்?" எண்டு. டெரன்ஸ் அதை எனக்குச் சொல்லேக்கை அவன்ர கண் கலங்குது.

அதோட விட்டுதோ? உள்ளுக்குப் போய் தன்ர தேப்பன் சிவகுருவின்ர பிறப்புப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்து குடுத்திருக்குது. கடிதமும் எழுதிக் குடுத்திருக்குது. தயாபரன் படம் பிடிச்சு அனுப்பினவன், இந்தா பாரும், மை பேனையால, முத்து முத்தா. 'எமது ஊர் அமரர் சிவகுரு அவர்களின் பேரனும், கனகலிங்கத்தின் மகனுமாகிய டெரன்ஸ்.' கீழ கையெழுத்தைப் பாரும். சி. கனகலிங்கம். என்ர பிள்ளைக்குத் தேப்பன் தான்தான் எண்டு அந்த மனிசன் கையெழுத்து வைச்சிருக்குது!

ஒபிஸ்காரங்கள் உடனை ஓம் எண்டிட்டாங்கள். டெரன்ஸ் போறான். கமிட்டியில எல்லாரும் அந்த மனிசனைக் கும்பிடுறாங்கள். என்ன பெரிய மனமாம். சாமியார் கேட்டு அசையாத மனிசன், என்ர அப்பு பாத்துக்கொண்டு நிக்க அசையாத மனிசன், என்ர மகனுக்கெண்டு பச்சைப் பொய் எழுதுது. அந்தப் பொய்யில ஒரு துளியை எண்பத்தாறில எனக்குச் சொல்லியிருந்தால் என்ன? பந்து நெஞ்சில பட்டது எண்டு சொல்லியிருந்தால் என்ன குறைஞ்சு போயிருக்கும்? அப்பு என்னோட கதைச்சிருப்பார். எனக்கு இந்தப் பேரே வந்திராது. எல்லாத்துக்கும் காரணம் அந்தாள். இப்ப நல்ல மனிசனும் அந்தாள்!

போகாதையடா எண்டு சொன்னன் டெரன்ஸிட்ட. அருளப்புவின்ர பேரனாப் போறதெண்டால் போ, இல்லாட்டி வீட்டில இரு எண்டன். "நீங்கள் குடுத்த பேரிலதான் போறன், அப்பா" எண்டான். அவ்வளவும்தான். ரெண்டு கிழமையாக் கதையில்லை. அந்தக் கோவத்திலதான் இந்த உடுப்புப் பையை வீட்டில பூட்டி வைச்சனான். பிறகு மனம் கேக்கேல்லை, மற்றப் பெடியள் என்ன பாவம் செய்தாங்கள், அதுதான் தோய்க்கக் கொண்டு வந்தன்.

ஆனா உந்தப் பொய்யை நான் விடப் போறதில்லை. நீர் படிச்ச பிள்ளை, இங்கிலீஷ் நல்லா வரும். இந்தா என்ர போன். இதில ஒரு கடிதம் எழுதி வைச்சிருக்கிறன், அந்தக் கோப்பை ஒபிசுக்கு. பிழை இருந்தால் திருத்தும். 'ஐயா, உங்களுக்குத் தந்த கடிதம் பொய். அந்த விளையாட்டு வீரன் சிவகுருவின் பேரன் இல்லை.' சரியோ? என்ன அப்பிடிப் பாக்கிறீர்? போகேலாமல் போனால் போகட்டும். இன்னும் ரெண்டு வருசத்தில அடுத்த கோப்பை. பெடியன்ர வாழ்க்கை ஒண்டும் முடிஞ்சு போகாது. வாசியும், வாசியும்.

அவன் ஆர் எண்டும் எழுதவேணும். அதை மட்டும் எனக்கு எழுத வரேல்லை. நீர் எழுதும். அவன் ஆனைத்துறை அருளப்புவின்ர பேரன். எழுதினீரோ? அருளப்பு. வடிவா எழுதும். வாசியும் பாப்பம். இன்னொருக்கா. இந்த நாட்டில அந்தப் பேரை ஒருத்தர் எழுதுறது இதுதான் முதல் தரம், தம்பி.

கீழ பேர் போடவேணுமோ?

கனகலிங்கம் எண்டு போடும். இல்லை, பொறும். கனகலிங்கம் தந்த கடிதம் பொய் எண்டு கனகலிங்கமே எழுதினால் அவங்கள் என்ன நினைப்பாங்கள்? மரியநேசன் எண்டு போட்டால் தேடுவாங்கள். தேடட்டும், எங்கையும் இல்லை, அப்பிடி ஒருத்தன் இந்த நாட்டுக்கு வரவே இல்லை. பேரில்லாமல் அனுப்புறதோ? நான் மொட்டைக் கடிதம் போடுற ஆள் இல்லை, தம்பி. எதெண்டாலும் முகத்துக்கு நேர சொல்லுறவன்.

விடும். அனுப்பாதையும். தாரும் போனை.

அவன் பிறக்கேக்கை முதல் தூக்கினது நான். தாய் மயக்கத்தில கிடந்தவ, நர்ஸ் என்ர கையிலதான் தந்தவள். நடக்கப் பழகிறதுக்கு முன்னம் பந்தை உருட்டி விட்டது நான், குளிருக்குள்ள ஒவ்வொரு சனிக்கிழமையும் கோலுக்குப் பின்னால நிண்டது நான். ஆனா அவன் மரியநேசன்ர பிள்ளை எண்டு காட்ட என்னட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. கனகலிங்கத்தின்ர பிள்ளை எண்டு அந்த மனிசனிட்ட இருக்குது, தன்ர சொந்தக் கையெழுத்தோட.